பவரி பாய்ஸ்: 48 படமும் ஒரே படம்தானா?

கேள்வி, மார்ச் 2

பவரி பாய்ஸ்ங்கிற பழைய அமெரிக்கச் சிரிப்புப் பட வரிசையில ரெண்டு படம் பார்த்தேன். ரெண்டுலயும் அதே கடை, அதே தொப்பி, அதே மண்டையடி. 'த்ரீ ஸ்டூஜஸ்'ங்கிற அடிதடிச் சிரிப்புக் கோஷ்டியோட மலிவு நகல்னுதான் தோணுது. 48 படமும் இப்படித்தானா? 1948-ல வந்த 'டிரபிள் மேக்கர்ஸ்' பரவாயில்லைன்னு சொல்றாங்க. பார்க்கலாமா?

மார்ச் 2, இரவு 9.40

பாருங்க. ஆனா 'நகல்'ங்கிறதை ஏத்துக்க முடியாது. ஸ்டூஜஸ் மேடைக் கோமாளிகளா இருந்து சினிமாவுக்கு வந்தவங்க. இந்தப் பசங்க வந்த வழி நேர் எதிர். சிட்னி கிங்ஸ்லி எழுதின 'டெட் எண்ட்' நாடகம் 1935 அக்டோபர்ல நியூயார்க் பெலாஸ்கோ தியேட்டர்ல ஏறுச்சு. ஈஸ்ட் ரிவர் ஓரம் பணக்காரன் மாடி வீடும் ஏழை குடித்தனமும் முதுகோடு முதுகு ஒட்டி நிக்கிற ஒரு முட்டுச்சந்துதான் அதுக்குக் களம். அதுல தெருப் பசங்களா நடிச்சவங்கள்ல லியோ கார்சி, ஹண்ட்ஸ் ஹால், கேப்ரியல் டெல் எல்லாம் உண்டு. சிரிக்க வைக்க எழுதின நாடகமே இல்லை அது.

1937-ல சாமுவேல் கோல்ட்வின் அதைப் படமாக்கினார். வில்லியம் வைலர் இயக்கம், ரௌடியா ஹம்ஃப்ரி போகார்ட். பசங்க அதே பசங்க. அடுத்து வார்னர் கம்பெனிக்குப் போய் 1938-ல ஜேம்ஸ் காக்னியோட நடிச்சாங்க. இதெல்லாம் குற்றப் படங்கள். ரௌடிப் பையன் கொஞ்சம் கொஞ்சமா கோமாளியான கதைதான் இவங்க கதை. அதனாலதான் ஸ்லிப் மஹோனியா வர்ற கார்சி ஒருத்தன் சட்டையைப் பிடிச்சா, இப்ப நிஜமாவே அடி விழும்னு நமக்கு ஒரு நொடி தோணும். ஸ்டூஜஸ்கிட்ட அந்த நொடி வராது.

மார்ச் 2, இரவு 10.15

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கங்க, இல்லேன்னா தப்பான படத்தைப் பார்த்துட்டு இந்த வரிசையைத் திட்டுவீங்க. 'டெட் எண்ட் கிட்ஸ்' கோல்ட்வின், வார்னர் காலம். 'ஈஸ்ட் சைட் கிட்ஸ்' 1940 முதல் 1945 வரை, மோனோகிராம் கம்பெனிக்காக சாம் காட்ஸ்மன் எடுத்தது. 'பவரி பாய்ஸ்' 1946-ல 'லைவ் வயர்ஸ்' படத்தோட தொடங்கி 1958-ல முடிஞ்சது. நடுவுல யூனிவர்சல்ல தனியா ஒரு வரிசை வேற. இந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு உறவு, ஆனா ஒண்ணு இல்லை.

காட்ஸ்மன்கிட்ட கார்சி சம்பளத்தை இரட்டிப்பாக்கச் சொன்னார், அவர் மறுத்துட்டார், கார்சி வெளியே வந்து ஜான் கிரிப்போவைத் தயாரிப்பாளரா வெச்சுக்கிட்டு பவரி பாய்ஸைத் தொடங்கினார். நாயகனே லாபத்துல பங்காளி. அதனாலதான் படத்துல ஸ்லிப் முன்னாடி நிக்கிறான், மத்த பசங்க படத்துக்குப் படம் பின்னாடி நகர்றாங்க.

மார்ச் 3, காலை

'டிரபிள் மேக்கர்ஸ்' பத்தி. இயக்கம் ரெஜினால்ட் லெபோர்க். ஸ்லிப்பும் அவன் கூட்டாளி சாட்ச்சும் (ஹண்ட்ஸ் ஹால்) நடைபாதையில ஒரு தொலைநோக்கியை நட்டு வெச்சு, காசு வாங்கிக்கிட்டு வானத்தைக் காட்டுறாங்க. அது வழியா எதிர்ல இருக்கிற ஹோட்டல் அறையில ஒரு கொலை கண்ணுல படுது. இவங்க தோஸ்து கேப் (கேப்ரியல் டெல்) இந்தப் படத்துல போலீஸ்காரன். போய்ப் பார்த்தா பிணம் இல்லை. அப்புறம் ரெண்டு பேரும் அதே ஹோட்டல்ல பெட்டி தூக்குற வேலைக்குச் சேர்ந்து துப்பறியறாங்க.

இந்தக் கதைப் பொருத்தத்தைக் கவனிங்க. கொலையைப் பார்த்த சாட்சி ரெண்டு பேர், ஆனா போலீஸ் நம்பற மாதிரி ஆள் ஒருத்தன்கூட இல்லை. தெருப் பசங்க சொன்னா யார் நம்புவா? இருட்டு அறையும் கொலையும் கேலிக்கு வெச்சது இல்லை, குற்றப் படத்துக்கு எப்படி எடுப்பாங்களோ அப்படித்தான் எடுத்திருக்காங்க. ஹோட்டல் மேனேஜரா ஃபிரிட்ஸ் ஃபெல்ட், அடியாள் ஹேட்செட் மோரனா லயனல் ஸ்டாண்டர். ஸ்டாண்டரோட அந்தக் கரகரக் குரல் ஒண்ணுக்கே படம் பார்க்கலாம்.

கேப் எல்லாப் படத்துலயும் போலீஸ் கிடையாது. படத்துக்குப் படம் அவனுக்கு வேற வேலை. எது தேவையோ அந்த உடுப்பை மாட்டி விடுவாங்க. தொடர்ச்சி தேடாதீங்க.

மார்ச் 3, மதியம்

ஹிட்ச்காக் தன் 1954 ஜன்னல் படம் 'ரியர் விண்டோ'வை இந்த 'டிரபிள் மேக்கர்ஸ்'ஸைப் பார்த்துத்தான் எடுத்தார்னு கீழே ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லைங்க. அந்தப் படத்துக்கு மூலம் கார்னல் வுல்ரிச் எழுதின சிறுகதை, அது 1942-லயே பத்திரிகையில வந்தாச்சு. 'டிரபிள் மேக்கர்ஸ்' 6 வருஷம் முந்தி வந்தது உண்மை, அதை வெச்சு வாங்கினாங்கன்னு சொல்ல முடியாது.

மார்ச் 4

ஸ்லிப் சாட்ச்சைத் தொப்பியால அடிக்கிற அடி எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டவருக்கு.

ஸ்லிப் தலையில ஃபெல்ட் (அழுத்தின கம்பளி) தொப்பி, முன் விளிம்பு மேல மடிச்சது. சாட்ச் தலையில பேஸ்பால் தொப்பி, அதோட முன் விளிம்பும் மேல தூக்கினது. ரெண்டு விளிம்பும் மேல போனதுக்குக் காரணம் ஸ்டைல் மட்டும் இல்லை. கீழே இறங்கியிருந்தா மேலேர்ந்து விழற விளக்கு வெளிச்சத்துல கண்ணு நிழல்ல போயிடும். சாட்ச்சோட நடிப்பு முழுக்கக் கண்ணுலயும் கீழ் உதட்டுலயும்தான் இருக்கு.

அடி நாலு அடுக்கு. சாட்ச் ஒரு உளறல் உளறுவான். ஸ்லிப் உடனே அடிக்க மாட்டான், அந்த உளறலை யோசிக்கிற மாதிரி முகம் வெப்பான். அப்புறம் தொப்பியைக் கழட்டுவான், இங்கேதான் தியேட்டர் சிரிக்கத் தொடங்கும். கடைசியில வீச்சு. தொப்பி ஃபெல்ட்டா இருக்கிறதால வலிக்காது, ஆனா கை வீச்சு பெருசாத் தெரியும், தூர ஷாட்லயும் தெரியும். கேமராவைக் கிட்டக் கொண்டு போய் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. ஒரே ஷாட்ல ரெண்டு பேர், ஒரே அடி, அடுத்த வசனம். மலிவா எடுக்கிற கம்பெனிக்கு இது பெரிய மிச்சம்.

ஸ்டூஜஸ்ல கண்ணைக் குத்தினா தந்திக் கருவி சுண்டுற சத்தம், மூக்கைத் திருகினா பல்சக்கரம் சுத்துற சத்தம்னு ஒலி சேர்ப்பாங்க. அங்கே பாதிச் சிரிப்பு ஒலியில. இங்கே அடி வெறும் நிறுத்தற்குறிதான், சிரிப்பு அதுக்கு முன்னாடி வந்த வார்த்தையில.

மார்ச் 4, இரவு

அந்த வார்த்தைகளைப் பத்தி. ஸ்லிப் பெரிய மனுஷன் மாதிரி பேச ஆசைப்படுவான், வார்த்தை சறுக்கும். 'அப்ரிஷியேட்' சொல்ல வந்து 'டெப்ரிஷியேட்'பான். மதிக்கிறேன்னு சொல்ல வேண்டிய இடத்துல மதிப்பு குறைஞ்சு போச்சு. 'ஆப்டிகல் இல்யூஷன்' (கண் மாயம்) அவன் வாயில 'ஆப்டிகல் டெல்யூஷன்' (கண் சித்தப்பிரமை). துப்பறிதலைக் குறிக்கிற 'டிடக்‌ஷன்' மயக்கி வலைவிரிக்கிற 'செடக்‌ஷன்' ஆகும். 'ரீஇட்டரேட்' (திரும்பச் சொல்றது) சாப்பிட்டதைக் கக்கற 'ரீகர்ஜிடேட்' ஆகும்.

தமிழ் சப்டைட்டில் போடறவங்க இதை நேரா மொழிபெயர்த்தா செத்துப்போகும். 'நான் தேய்மானம் அடையச் செய்கிறேன்'னு போட்டா யார் சிரிப்பா? தமிழ்லயே சறுக்கணும். சிலது தானா வந்து விழுது:

கண்கட்டு வித்தை → கண்கட்டி வித்தை.
துப்பறிஞ்சேன் → துப்பி எறிஞ்சேன்.
மதிப்பு கொடுக்கிறேன் → மதிப்பு கெடுக்கிறேன்.

மூணாவதுல ஒரு துணைக்கால் மட்டும்தான் போகுது, அர்த்தம் தலைகீழ். மூலத்துல இருக்கிற வித்தையும் இதேதான்.

நம்ம மொழியில வினை கடைசியில வர்றது இதுக்கு ரொம்ப வசதி. சறுக்கின சொல் வரிக் கடைசியில நிக்கும். ஆனா ஒரு ஆபத்து: சப்டைட்டில் மொத்தமா ஒரே நேரத்துல திரையில வரும், கார்சி வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே படிச்சு முடிச்சுடுவாங்க. நீளமான வசனமா இருந்தா ரெண்டா வெட்டி, சறுக்கல் இருக்கிற துண்டை அவர் அந்தச் சொல்லைத் தொடங்கற நொடியில ஏத்துங்க. அடிக்கிற ஷாட் வர்றதுக்குள்ள அதை இறக்கிடணும். திரையில எழுத்து இருந்தா கண் அங்கேதான் போகும், தொப்பி வீச்சு கோட்டை விட்டுடும்.

மார்ச் 5

சப்டைட்டில் மென்பொருள் 'வரி நீளம் அதிகம்'னு கத்துதேன்னு கேட்டிருக்காங்க. அது எழுத்தை எண்ணல, குறியீட்டை எண்ணுது. 'கொடுக்கிறேன்' நமக்கு 6 எழுத்து, யூனிகோட்ல 12 குறியீடு. உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொண்ணும் தனிக் கணக்கு. அதனால ஆங்கிலத்துக்கு வெச்ச வரம்பை அப்படியே நம்பாம, சத்தம் போட்டுப் படிச்சுப் பாருங்க. கார்சி பேசி முடிக்கிறதுக்குள்ள நீங்க படிச்சு முடிச்சா சரி. பெரும்பாலும் முடியாது, அவர் பேச்சு அவ்வளவு வேகம். முதல்ல வெட்ட வேண்டியது விளிச்சொற்கள். 'ஏய்', 'கேளுடா', 'பசங்களா' இதெல்லாம் காதுல கேக்குது, எழுத வேண்டாம்.

கோப்பை யுடிஎஃப்-8-ல சேமிங்க. டிவியில கட்டம் கட்டமா வந்தா எழுத்துரு இல்லை. கொக்கி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு வந்தா அந்த டிவிக்கு தமிழைக் கோக்கத் தெரியலை. அப்ப எழுத்தைப் படத்துலயே பதிச்சு எடுக்கிறதுதான் வழி.

நேரம் ஒத்துப்போகலைன்னா எந்த மாதிரி ஒத்துப்போகலைன்னு பாருங்க. தொடக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே அளவு தள்ளியிருந்தா மொத்தமா நகர்த்தினா போதும். போகப் போக விலகினா பிரதிகளோட ஓட்ட வேகம் வேற. நொடிக்கு 23.976 ஃபிரேம்ல 66 நிமிஷம் ஓடற படம் 25 ஃபிரேம்ல சுமார் 63 நிமிஷம் 18 நொடியில முடிஞ்சுடும், அதாவது கடைசியில 2 நிமிஷம் 42 நொடி விலகல். நடுவுல ஒரு இடத்துல திடீர்னு தாவினா அந்தப் பிரதியில துண்டு காணாம போயிருக்கு. ஈஸ்ட் சைட் கிட்ஸ் படங்கள் பலதும் உரிமைக் காலம் முடிஞ்சு பொதுவுல கிடக்கிறதால எல்லாரும் நகலுக்கு நகல் எடுத்து விட்டிருக்காங்க, அதுல இது ரொம்ப சகஜம். பவரி பாய்ஸுக்கு அந்தத் தொல்லை குறைவு. வார்னர் ஆர்க்கைவ் நாலு டிவிடி தொகுதி போட்டிருக்கு, தொகுதிக்கு 12 படம்.

மார்ச் 7

முதல் நாள் கேள்விக்கு நான் கொஞ்சம் வேகமா 'இல்லை'ன்னு சொல்லிட்டேன். கேட்டவர் பார்த்த ரெண்டு படம் 'பிரைவேட் ஐஸ்' (1953), 'பவரி பாய்ஸ் மீட் த மான்ஸ்டர்ஸ்' (1954) அப்படின்னு இப்பதான் எழுதியிருக்கார். அப்படின்னா அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. அந்தக் கட்டத்துல இயக்குநர் எட்வர்ட் பெர்ண்ட்ஸ், அவரோட எழுத்துக் கூட்டாளி எல்வுட் உல்மன். ரெண்டு பேருமே கொலம்பியாவுல ஸ்டூஜஸ் குறும்படங்கள்ல வேலை பார்த்தவங்க. பேய் வீடு, பைத்தியக்கார விஞ்ஞானி, கதவு வழியா ஓட்டம்னு அங்கேர்ந்து கையோட கொண்டு வந்தாங்க. கொலைக் கதையை ஓரம் கட்டிட்டு சாட்ச்சுக்கு அதிசய சக்தி கொடுத்த வேலையும் இவங்களோடதுதான்.

மான்ஸ்டர்ஸ் படம் நல்லா வசூல் பண்ணதால அதையே பலரும் முதல்ல பார்க்கறாங்க, அங்கேர்ந்து 48-ஐயும் எடை போடறாங்க.

மார்ச் 7, கொஞ்ச நேரம் கழிச்சு

மேலே அதிசய சக்தி பத்தின வரியில ஒரு தப்பு. அதிசய சக்தியை பெர்ண்ட்ஸ் கொண்டு வரலை. 'மாஸ்டர் மைண்ட்ஸ்' 1949, இயக்கம் ஜீன் யார்ப்ரோ. அதுலயே சாட்ச்சுக்குப் பல்வலி வந்தா எதிர்காலம் தெரியும். அடுத்த வருஷம் 'புளூஸ் பஸ்டர்ஸ்', இயக்கம் வில்லியம் பொடீன். தொண்டைச் சதையை எடுத்ததும் பாட்டு வருது. 'பிரைவேட் ஐஸ்'ல மூக்குல குத்து வாங்கினா அடுத்தவன் மனசைப் படிக்கிறான். 1956 'க்ராஷிங் லாஸ் வேகஸ்'ல மின்சாரம் தாக்கினா எண்ணைச் சொல்றான். பல், தொண்டை, மூக்கு, கடைசியில உடம்பு முழுக்க. எந்த உறுப்புக்கு அடுத்து ஆபத்துன்னு எழுத்தாளர்கள் உட்கார்ந்து யோசிச்சிருப்பாங்க போல.

'மாஸ்டர் மைண்ட்ஸ்'ஸை மட்டும் இந்தப் பட்டியல்ல விட்டுடாதீங்க. சாட்ச்சோட மூளையும் ஒரு அசுரனோட மூளையும் இடம் மாறும். அசுரனா வர்றவர் கிளென் ஸ்ட்ரேஞ்ச், யூனிவர்சல் படங்கள்ல ஃபிராங்கன்ஸ்டைன் பூதமா நடிச்சவர். ஒப்பனை ஜாக் பியர்ஸ், அந்தப் பூதத்தோட முகத்தை முதன்முதல்ல உருவாக்கின அதே கை. அவ்வளவு பெரிய உடம்புக்காரர், முகத்துல அத்தனை ஒப்பனையோட, ஹண்ட்ஸ் ஹாலோட வளைவு நெளிவையும் உதட்டுச் சுளிப்பையும் அப்படியே செய்யறார். ஒருத்தர் உடம்பு மொழியை இன்னொருத்தர் படிச்சு வாங்கின பாடம் அது, மலிவுப் படத்துல வந்ததால யாரும் பேசறதில்லை.

மார்ச் 9

ஒரே கடை ஏன்? கணக்குப் பாருங்க. 1946 முதல் 1958 வரை 48 படம், வருஷத்துக்கு ஏறக்குறைய நாலு. ரெட்டைப் படக் காட்சியில இது துணைப் படம். பெரிய படத்துக்குத் தியேட்டர்காரர் வசூல்ல சதவீதம் கொடுப்பார், துணைப் படத்துக்கு நிர்ணய வாடகை. படம் எவ்வளவு ஓடினாலும் கம்பெனிக்கு வர்ற தொகை கிட்டத்தட்ட முன்கூட்டியே தெரியும். அதனால செலவைக் குறைச்சாத்தான் லாபம். நீளம் 60-லேர்ந்து 70 நிமிஷத்துக்குள்ள நிக்கும். லூயி ஐஸ்கிரீம் கடை செட்டை ஒரு தடவை போட்டா போட்டதுதான்.

பவரிங்கிற தெரு மன்ஹாட்டன்ல இருக்கு, பேர் டச்சுக்காரன் பண்ணைக்குச் சொன்ன சொல்லுலேர்ந்து வந்தது. படம் எடுத்தது எல்லாம் ஹாலிவுட்ல. நிஜ பவரி மேல ஓடின மூணாவது அவென்யூ மேம்பால ரயில் 1955 மே மாசம் நின்னுபோச்சு.

மார்ச் 10

அந்தக் கடை முதலாளி லூயியைப் பத்தி எழுதாம இந்த இழையை விட முடியாது. லூயி டம்ப்ராவ்ஸ்கியா வர்றவர் பெர்னார்ட் கார்சி, லியோவோட சொந்த அப்பா. பசங்கள்ல ஒருத்தன் 'சக்'கா வர்ற டேவிட், லியோவோட தம்பி. பெர்னார்ட் பிராட்வே மேடையில தேறினவர், சாப்ளினோட 1940 'தி கிரேட் டிக்டேட்டர்'லயும் நடிச்சிருக்கார். ரொம்பக் குள்ளம். பசங்க நடுவுல நின்னு குதிச்சாத்தான் தலை தெரியும்.

அவரை வெறும் துணை நடிகர்னு நினைக்கிறவங்க ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. சாட்ச் காசு கொடுக்காம ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே இருப்பான். லூயி கத்துவார். ஸ்லிப் பெரிய வார்த்தையைப் போட்டு அவரை மடக்கப் பார்ப்பான், வார்த்தை சறுக்கும், லூயி குழம்பி நிப்பார். ஒருத்தன் தின்னுறான், ஒருத்தர் இழக்கிறார், ஒருத்தன் நியாயம் பேசறான். முக்கோணத்துல ஒரு பக்கம் போனா நிக்காது. ஸ்லிப்போட சறுக்கலை உண்மைன்னு நம்பி ஏமாற ஒரு ஆள் வேணும். சாட்ச்சுக்குப் புரியாது, பசங்களுக்கு அவனைத் தெரியும். நம்பறதுக்கு இருந்தது லூயி மட்டும்தான்.

1955 செப்டம்பர்ல கார் விபத்துல பெர்னார்ட் போயிட்டார். அவர் கடைசியா நடிச்ச 'டிக் தட் யுரேனியம்' அவர் போனதுக்கப்புறம் 1956 ஜனவரியிலதான் வெளியே வந்தது. லியோ அந்த இழப்புலேர்ந்து மீளலை, குடியும் கூடிப்போச்சு. 'க்ராஷிங் லாஸ் வேகஸ்'ல அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதோட 41 படம் முடிச்சு விலகிட்டார். கடைசி 7 படத்துக்கு ஸ்டான்லி கிளெமென்ட்ஸ் வந்தார். அவர் மோசமான நடிகர் இல்லை, அந்த 7 படம் சரியில்லாததுக்கு அவரைத் திட்டறது அநியாயம். அவர் வர்றப்பவே முக்கோணத்துல ரெண்டு பக்கம் இல்லை.

மார்ச் 11

இடையில ஒரு ஆஸ்கர் கூத்து. 1955-ல வந்த பவரி பாய்ஸ் படம் ஒண்ணோட பேர் 'ஹை சொசைட்டி'. அடுத்த வருஷம் கிரேஸ் கெல்லி நடிச்ச இசைப் படத்துக்கும் அதே பேர். கதைக்கான பரிந்துரைப் பட்டியல்ல பேரைப் பார்த்துக் குழம்பி பெர்ண்ட்ஸ், உல்மன் ரெண்டு பேரையும் போட்டுட்டாங்க. ரெண்டு பேரும் தாங்களாவே விலகிக்கிட்டாங்க. பாராட்ட வேண்டிய விஷயம்.

பீட்டில்ஸோட 1967 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டு அட்டையில ஹண்ட்ஸ் ஹால் இருக்கார். கார்சியும் இருந்திருக்க வேண்டியது, 400 டாலர் கேட்டதால எடுத்துட்டாங்க.

மார்ச் 13

பார்க்கிற வரிசை கேட்டவருக்கு: 'டிரபிள் மேக்கர்ஸ்', 'மாஸ்டர் மைண்ட்ஸ்', 'புளூஸ் பஸ்டர்ஸ்'. இந்த மூணும் 1948 முதல் 1950 வரை, கேப்ரியல் டெல் இருக்கிற காலம், 'புளூஸ் பஸ்டர்ஸ்' அவருக்குக் கடைசி. இது பிடிச்சா பின்னாடி போய் 'லைவ் வயர்ஸ்'. மான்ஸ்டர்ஸ் அதுக்கப்புறம். 'டெட் எண்ட்' 1937-ஐ எப்ப வேணா பாருங்க, ஆனா சிரிக்கலாம்னு போகாதீங்க.

மார்ச் 15

'மதிப்பு கெடுக்கிறேன்' போட்டுப் பார்த்த ஒருத்தர், பார்த்தவங்க எல்லாரும் துணைக்கால் விட்டுப்போன தட்டச்சுப் பிழைன்னு நினைச்சதா எழுதியிருக்கார். சரிதான். காதுக்கு வேலை செய்யற சறுக்கல் கண்ணுக்குப் பிழையாத் தெரியுது. 'கண்கட்டி வித்தை'க்கும் அதே கதி வரலாம். ஓரெழுத்து மாத்தத்தைத் தவிர்த்து, முழுச் சொல்லா மாத்தணும். 'உங்க உதவியை உயிருள்ளவரை நினைக்க மாட்டேன்'னு போடுங்க. 'துப்பி எறிஞ்சேன்' தப்பிக்கும், அது பிழையா இருக்க வழியே இல்லை. மேற்கோள் குறி, சாய்வெழுத்து மட்டும் வேண்டாம். இங்கே சிரிங்கன்னு கை காட்டின மாதிரி ஆயிடும்.

மார்ச் 15, இரவு

'ரீகர்ஜிடேட்' பாக்கி இருந்துச்சு. 'வாந்தி எடுத்துச் சொல்றேன்' பொருள் ஒட்டுது, ஆனா ஸ்லிப் தெரியாம சொல்ற மாதிரி இல்லை, வேணும்னே சொல்ற மாதிரி இருக்கு. அவனுக்கு அது பெரிய மனுஷப் பேச்சா ஒலிக்கணும். இப்படிப் போடலாம்: 'நான் அழுக்கும் திருட்டுமா சொல்றேன், லூயி.' அழுத்தம் திருத்தம்னுதான் அவன் நினைச்சிருப்பான்.